கோமதியின் மூளை மதில்

நவம்பர் 11, செவ்வாய்

மழை. சாதாரண மழை இல்லை. ஏரியை அப்படியே தூக்கி வானத்தில் கவிழ்த்து வைத்து, அடியில் ஆணியால் குத்தின மாதிரி. ஆட்டோ வைப்பர் நேற்றே காலமானார். கண்ணாடியைத் துடைக்க இடது கை, ஓட்ட வலது கை, சாமி கும்பிடக் கை இல்லை. இந்த லட்சணத்தில் பழவேற்காட்டிலிருந்து சென்னை வரை வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தது யார்? அடியேன் ஏழுமலை. திருப்பாலைவனம் சாலையின் ஷேர் ஆட்டோ சக்கரவர்த்தி. அரசுப் பேருந்துகளே என்னைக் கண்டால் ஓரம் கட்டும். சென்னைக்குள் நுழைய பர்மிட் கிடையாது. மழைக்கு நன்றி. ஒரு போலீஸ்கூட வெளியே தலை காட்டவில்லை.

பின் சீட்டில் கோமதி. என் அக்கா தனத்தின் ஒரே மகள். பசியாவரம் தீவில் வேலுவுக்குக் கட்டிக் கொடுத்தது. மூன்று நாளாக இடது கால் இழுக்கிறது. இன்று காலையிலிருந்து பார்ப்பதெல்லாம் இரண்டு இரண்டு. தீவிலிருந்து படகில் வந்து இறங்கும்போது, இல்லாத படியில் கால் வைத்தாள். வேலு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம்.

வேலுவைக் கரையிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். இதெல்லாம் ஒரு விஷயமா, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வலையைப் பார் என்று. அக்கா வர முடியாது. சர்க்கரைப் புண், காலைக் கீழே வைக்க முடியவில்லை.

வழியெல்லாம் பேசினேன். பொன்னேரி வரை சிரித்தாள். அதற்கப்புறம் இல்லை.

வார்டில் சேர்த்தாச்சு. இது புது வியாதி இல்லை. நாலு வருஷம் முன்பு ஒரு கண் மங்கியபோதே டாக்டர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். நீளமான பெயர், என் ஆட்டோவில் ஏறாது. நான் வைத்த பெயர் உள்வீட்டுக் கலகம். மாதம் ஒரு தடவை இங்கே வந்து சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றிக்கொண்டால் கலகம் அடங்கிக் கிடக்கும். ஏதோ ஒரு இலவசத் திட்டத்தில் கிடைத்தது. அடங்கித்தான் கிடந்தது. ஸ்கூட்டரில் நண்டுக் கூடை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றுவந்தாள். பாதி ஊருக்கு அவள் நண்டு வியாபாரம் தெரியும், இந்த வியாதி தெரியாது.

கடைசியாக மருந்து ஏற்றியது ஜூலையில்.

வாங்க வேண்டியது: போர்வை, பிளாஸ்டிக் மக், சார்ஜர், கோ.வுக்கு நைட்டி, எனக்குப் புத்தி.

நவம்பர் 12, புதன்

தூறல். பெண்கள் வார்டு, ஆண் துணைக்குப் பகலில் மட்டும் அனுமதி. ராத்திரி வராந்தா பெஞ்ச். அதன் பலகைகளை என் முதுகு மனப்பாடமாக ஒப்பிக்கும்.

டீ: வெந்நீருக்கு வந்த அவமானம்.

கோ.வுக்கு ஸ்கேன். கையில் ஒரு சாயம் ஏற்றிப் பெரிய குழாய்க்குள் தள்ளினார்கள். வெளியே வந்தவள் சொன்னது: "உள்ள உன் ஆட்டோ சத்தம்தான் மாமா."

டாக்டரம்மா சின்ன வயது. என் தோளுக்குக் கீழே நிற்கிறார். பேச ஆரம்பித்தால் நான் அவர் முழங்காலுக்குக் கீழே. கம்ப்யூட்டரில் கோ.வின் மூளையைக் காட்டினார். கறுப்பு, சாம்பல், அதில் அங்கங்கே பளிச்சென்று வெள்ளைப் பொட்டுகள். அழகாக இருக்கிறதே என்று சொல்ல வாய் வந்தது. மூடிக்கொண்டேன். நல்ல காலம்.

அவர் சொன்னதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். உடம்பில் மற்ற இடங்களில் ரத்தக் குழாயின் சுவர் கொஞ்சம் சல்லடை மாதிரி. மூளையில் மட்டும் இடுக்கே தெரியாமல் பலகை அடித்துப் பூசிய படகு மாதிரி. ரத்தத்தில் மிதக்கிற கண்டது கடியது மூளைக்குள் போகக் கூடாது என்று இயற்கை கட்டிய மதில். ஸ்கேன் சாயமும் அதைத் தாண்டக் கூடாது. தாண்டியிருக்கிறது. வெள்ளைப் பொட்டு உள்ள இடமெல்லாம் மதில் கசிகிற இடம்.

யார் கசியவிட்டது என்றேன். எவன் என்று தெரிந்தால் இப்போதே இறங்கிப் போய் ஒரு கை பார்க்கிற வேகம்.

அவளுடைய சொந்த வெள்ளை அணுக்கள்தானாம்.

காய்ச்சல் கிருமி எதுவும் வருகிறதா என்று ரோந்து சுற்றுகிற கூட்டம் அது. அதில் சிலதுக்கு எங்கோ தப்பாகப் பாடம் நடந்துவிட்டது. நரம்பின் மேல் இருக்கும் உறைதான் எதிரி என்று. ரத்தத்தில் சர்ரென்று ஓடுகிற அணு, மூளைக் குழாயின் சுவரைத் தொட்டு உருளும். உருள உருள வேகம் குறையும். சுவரில் கொக்கிகள் இருக்கும். வீக்கம் கண்ட சுவர் இன்னும் நிறைய கொக்கிகளை நீட்டும். அணுவுக்கு அதைப் பிடிக்கக் கை உண்டு. பிடிக்கும், ஒட்டும், தட்டையாகி இடுக்கில் நுழையும். உள்ளே போனால் நரம்பின் உறையைக் கடிக்கும். ஒயரின் மேல் ரப்பரை எலி கடித்த மாதிரி. அதோடு விடாது, வெளியே இருக்கிற கூட்டாளிகளுக்கும் ஆள் அனுப்பும். மதில் இன்னும் தளரும்.

கொக்கி வைத்தவன் எவன் என்றேன். சும்மா விடுவதாக இல்லை நான்.

"நம்ம உடம்பேதான் சார். அடிபட்ட இடத்துக்கு அணு வந்து சேர வேணாமா? அதுக்கு வச்சது."

ஏழுமலையிடம் பதில் இல்லாத நாளைச் சரித்திரத்தில் குறிக்க வேண்டும். குறித்தாச்சு.

மாதா மாதம் ஏற்றிய மருந்து என்ன செய்தது? அணுவின் கைக்கு உறை மாட்டிவிட்டது. கை இருக்கும், கொக்கி பிடிபடாது, உருண்டுகொண்டே போய்விடும். மருந்தை நிறுத்தினால் கொஞ்ச நாளில் உறை கழன்றுவிடும். சில பேருக்கு, வெளியே காத்துக் கிடந்த கூட்டம் மொத்தமும் ஒரே தள்ளாக உள்ளே நுழையும். கோ.வுக்கு நுழைந்திருக்கிறது.

இன்று முதல் ஐந்து நாள் ஸ்டீராய்டு. கூட்டத்தை அடக்கி, மதிலை இறுக்கும்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். முகத்துவாரத்தில் திமிங்கிலம் படுத்து வழியை அடைத்துவிட்டது என்று சொல்ல நாக்கு துடித்தது. கோ. முந்திக்கொண்டாள்.

"அன்னிக்குப் பாட்டு நாள் மேடம்."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அடுத்த படுக்கைக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

நவம்பர் 13, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் போய்விட்டது.

இரண்டாவது பாட்டில் ஏறுகிறது. கோ.வின் வாயெல்லாம் இரும்புக் கசப்பாம். முகம் சிவந்து கிடக்கிறது. கால் அப்படியே.

ரவுண்ட்ஸில் டாக்டரம்மாவைப் பிடித்து, அந்தப் பாட்டு நாளில் வருகிற ‘பாடு’ என்றால் என்னவென்று உபன்யாசம் செய்தேன். முகத்துவாரத்துப் பக்கம் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம்தான். ஊரே ஒரே நாளில் வலை கட்டினால் அடிதடி. அதனால் சீட்டுப் போட்டு, தலைக்கட்டுக்கு ஒரு நாள் என்று முறை. அதுதான் பாடு. அன்றைக்கு அந்த இடத்துக்கு அவன்தான் ராஜா. முறையை யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. போகாமல் விட்டால் போனது போனதுதான். ஆனால் பெரிய நஷ்டமில்லை, சுற்று முடிந்து மறுபடி அவன் முறை வரும்.

ஆகஸ்டில் மருந்து நாளும் வேலுவின் பாட்டு நாளும் ஒன்றாக வந்தன. பாட்டை மாற்ற முடியாது. மருந்தை? அது மாதா மாதம் வருகிறது, ஒரு முறை போனால் அடுத்த முறை இருக்கிறது என்று கோ.வே கணக்குப் போட்டாள். எங்கள் ஊரில் பிறந்த எவனும் அப்படித்தான் போடுவான். நாட்களை நாங்கள் அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். செப்டம்பரில் காற்று, படகு எடுக்க வேண்டாம் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். அக்டோபரில் கை கால் கல்லு மாதிரி இருந்தது, எதற்கு மருந்து?

டாக்டரம்மா முழுசாகக் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மருந்து முறை சுத்தி வர்ற விஷயமில்லைங்க. நீங்க வராத நாள்லயும் அந்த அணு வேலைக்குப் போகுது."

அப்புறம் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஏதோ ஒரு வைரஸ் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க. எத்தனை பேர்தான் ஒளிந்திருப்பார்கள் இந்தச் சின்ன உடம்பில்? கோ. படுத்தால் கட்டிலில் பாதி காலி.

பக்கத்துப் படுக்கை ஆரம்பாக்கத்து அம்மாள், போனில்: "ரயிலப் புடிச்சி வாடா. பஸ்சுல வந்தேன்னா மாலையோடதான் வரணும்." அந்த அம்மாளுக்கு ஒன்றுமில்லை, தலைச்சுற்றல்.

மாலை, அக்கா போன். அழுகை. என்னால் தாங்க முடியவில்லை. மூளை டாக்டர்களே வரிசையில் நின்று கோமதியைப் பார்த்து வியக்கிறார்கள், இப்படி ஒரு மருந்து வேலை செய்து பார்த்ததில்லையாம், பொங்கலுக்குக் கரையில் ஓட்டப் பந்தயம் வைத்தால் முதல் பரிசு நம் வீட்டுக்கு என்று அடித்துவிட்டேன். அக்கா அழுகையை நிறுத்தினாள். வேலு போனை வாங்கினான். அவனுக்கும் அதே, இன்னும் கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை அவன் பாடு. நிம்மதியாக வலை கட்டு, இங்கே உனக்கு வேலையில்லை என்றேன்.

வைத்த பிறகு டீ குடித்தேன். பாதியைக் கீழே கொட்டினேன்.

நவம்பர் 14, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம். கொசு ஒன்று, புறா அளவு.

மூன்றாவது பாட்டில். கோ.வின் ஒரு கண்ணுக்கு மேல் பஞ்சு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒரு கண்ணை மூடினால் இரட்டை போய்விடுகிறது. கழிவறைக்கு நர்ஸ் பிடித்து நடத்தினார். இடது பாதம் தரையில் கோடு போட்டுக்கொண்டே போனது. பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

மதியம் டாக்டரம்மா என்னை லிஃப்ட் பக்கம் கூப்பிட்டார். லிஃப்ட் பக்கம் கூப்பிட்டு எவரும் நல்ல செய்தி சொன்னதில்லை.

கேட்டது: இனிப் புதுசாகக் கசியாமல் மருந்து பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே கடிபட்ட இடம் வேறு கணக்கு. சிலது தானாக உறை போர்த்திக்கொள்ளும், சிலது போர்த்தாது. கண் தெளிய வாய்ப்பு அதிகம். கால் அப்படிச் சொல்ல முடியாது. மாதங்கள் ஆகும். கோல் பிடித்து நடக்க வேண்டி வரலாம். ஸ்கூட்டர் இப்போதைக்குப் பேச்சே வேண்டாம். எவ்வளவு திரும்பும் என்று அவராலும் சொல்ல முடியாது, யாராலும் முடியாது.

அப்புறம் அந்த ரத்தம். வைரஸ் தடயம் இருக்கிறது. நிறையப் பேருக்கு இருக்குமாம், தூங்கிக்கொண்டு. ரோந்து அணுக்கள்தான் அதை எழாமல் வைத்திருக்கின்றன. பழைய மருந்து அவற்றின் கைக்கு உறை மாட்டிவிட்டால் ரோந்தும் மூளைக்குள் போகாது. அப்போது அந்த வைரஸ் விழித்துக்கொண்டால்? அபூர்வம்தான். ஆனால் வந்தால் இதைவிட மோசம். பழைய மருந்தை இவ்வளவு காலம் எடுத்தவளுக்கு அந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல். வேறு மருந்து உண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. அது மதிலைத் தொடாது, கூட்டத்தில் ஒரு பிரிவையே குறைத்துவிடும். அதிலும் காய்ச்சல், தொற்று என்று தொல்லைகள். எதை எடுப்பது என்று கோமதியும் வீட்டுக்காரரும் சேர்ந்து கேட்டு, டிஸ்சார்ஜுக்கு முன்னால் சொல்ல வேண்டும்.

ஆக, கதவைத் திறந்தால் கடிக்கிறவன் வருகிறான், மூடினால் காவல்காரனும் வர முடியாது. எந்த முட்டாள் கட்டிய வீடு இது? யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

வார்டுக்குத் திரும்பி நடந்தேன். நீளமான வராந்தா, காசிக்குப் போய்வந்திருக்கலாம். வாய்க்குள் ஒரு கதை ஜோடித்துக்கொண்டே போனேன். கோ. உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா போன் பண்ணுச்சி மாமா. பொங்கலுக்கு நான் ஓடப்போறேனாமே."

"பின்ன? ஓடாம?"

"அந்தம்மா உன்ன லிப்டாண்ட இட்டுகினு போயி இன்னா சொன்னாங்க? அத மட்டும் சொல்லு. உன் சரக்க அப்பால வச்சிக்கலாம்."

ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். அந்தக் கண் அவள் நைனா கண். அவர் முன்னால் நான் ஒரு நாளும் பொய் சொல்லிப் பிழைத்ததில்லை.

சொன்னேன். கால், கோல், ஸ்கூட்டர், வைரஸ், இரண்டு மருந்து. எதற்கும் வால் ஒட்டவில்லை, கொம்பு வைக்கவில்லை. சீக்கிரம் முடிந்துவிட்டது. உண்மை இவ்வளவு குட்டையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் போர்வையின் நூலைப் பிரித்தாள். நண்டுக் கூடைகளை மழையில் விட்டுவிட்டு வந்தேன், உள்ளே எடுத்து வைக்கச் சொல் என்றாள். பிறகு, முகத்தைத் திருப்பாமல்:

"அவர வரச் சொல்லு. மருந்து எதுன்னு நான்தான் சொல்லுவேன். ஆனா அவரு பக்கத்துல இருந்து கேக்கணும். நாளைக்கு எனக்குத் தெரியாதேன்னு சொல்லக் கூடாது."

நவம்பர் 15, சனி

காலையிலிருந்து வேலுவுக்கு முயற்சி. ஏரியில் இருந்தால் டவர் கிடைக்காது. நாளைய பாட்டுக்கு வலை, கழி எல்லாம் தயார் செய்துகொண்டிருப்பான்.

ஒரு வழியாகக் கிடைத்தான். சந்தோஷமாக இருந்தான், நாசமாய்ப் போக. வெள்ளத் தண்ணி இறங்குகிறது, நாளைக்கு இறால் அள்ளலாம் என்றான். கோ.வுக்குக் கால் சரியில்லை, நீ உடனே வர வேண்டும் என்றேன்.

சிரித்தான்.

"மாமா, மொந்தாநேத்து ஓடுவான்னே. இன்னிக்கு நடக்க மாட்டான்றே. நடுவுல எதுனா ஒண்ணு இருக்கும், அத சொல்லேன்."

அம்மன் சத்தியம் என்றேன். என் சத்தியத்தின் மதிப்பு அவனுக்குத் தெரியும். போன வருஷம் ஆட்டோவுக்குள் முதலை ஏறியது என்று இதே அம்மன் மேல் சத்தியம் செய்தவன் நான். மேலும் சிரித்தான். டாக்டர் சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தேன். அணு, கொக்கி, மதில், கைக்கு உறை. சொல்லும்போதே தெரிந்தது, இது நான் இதுவரை விட்டதிலேயே பெரிய புளுகு மாதிரி கேட்கிறது. கட்டிப்போட்டாலும் நான்கூட நம்பியிருக்க மாட்டேன். அந்தப் பக்கம் யாரையோ கூப்பிட்டு, ஏழுமலை மாமா கதை, வாங்க கேக்கலாம் என்றான்.

கோ.விடம் கொடுத்துப் பேச வைக்கலாம் என்றால், பிசியோதெரபிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

இன்னும் பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. கிணறு வற்றிவிட்டது. போனைக் காதில் வைத்தபடி நின்றேன். ஸ்ட்ரெச்சர் ஒன்று போயிற்று. யாரோ யாரையோ சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினார்கள்.

"மாமா? கீறியா லைன்ல?"

இருந்தேன்.

"மாமா... இன்னாத்துக்குப் பேசாம கீறே?"

வாய் வரவில்லை. நடிப்பு இல்லை. நிஜமாகவே வரவில்லை. அவன் மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் சிரித்துக்கொண்டிருந்தவர்களை ஏதோ சொல்லி அடக்கினான்.

"காலையில மொத படகுல வந்துர்றேன்."

நாளைய பாடு போனது போனதுதான்.

நவம்பர் 16, ஞாயிறு

மேகம். காற்று கிழக்கே. ஐந்தாவது பாட்டில், கடைசி.

பதினொரு மணி வாக்கில் வேலு வந்தான். சட்டை பட்டன் மாறிப் போட்டிருந்தது. மணிக்கட்டில் ஒரு செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. வாசலில் என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று நின்றேன். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான், அவ்வளவுதான்.

டாக்டரம்மா படம் வரைந்து மறுபடி எல்லாம் சொன்னார். வேலு படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். கடைசியில் ஒரே கேள்வி, தேதி நாலு நாள் தள்ளிப் போனால் என்ன ஆகும் என்று. டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் கோ. சொன்னாள்:

"தள்ளிப் போவாது. ஆறு மாசத்துக்கு ஒரு வாட்டி போடுறதே போதும் மேடம். அந்த நாள இனிமே எவரும் தொடக் கூடாது. நான் சொன்னாலும் தொடக் கூடாது."

வேலு தலையாட்டினான். எதற்கோ எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். அவள் இடது பாதத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டான். இங்கே தெரிகிறதா, இங்கே என்று விரல் விரலாக அழுத்திக்கொண்டே வந்தான். சுண்டு விரலில் மட்டும் தெரிகிறது என்றாள். தெரிந்துதான் சொன்னாளோ, பாவம் பார்த்துச் சொன்னாளோ.

டாக்டரம்மா போன பிறகு, கண் எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று பஞ்சைத் தானே உரித்தாள். வேண்டாம் என்பதற்குள் உரித்துவிட்டாள். வேலுவை நேராகப் பார்த்தாள். ரொம்ப நேரம்.

"இவரு ரெண்டு பேரா கீறாரு மாமா. அந்தாண்ட கீறவர அனுப்பு, டீ வாங்கியாரட்டும். இவரு இங்கியே இருக்கட்டும்."

வேலு சிரித்தான், கண் சிவந்துபோய். நானும் சிரித்தேன். அவள் விரல் நீட்டிய இடத்தைப் பார்த்தேன். வெறும் சுவர்.

பிளாஸ்கை எடுத்துக்கொண்டு நானே போனேன்.